ஹரோல்ட் ஷிப்மேன்: ஒரு டாக்டர் 23 ஆண்டுகள் பிடிபடாமல் இருந்தது எப்படி?

‘பிரிட்டனில் ஒரு டாக்டர் இருநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொன்றதாகப் படித்தேன். அத்தனை ஆண்டுகளில் ஒருவருக்குக்கூடவா சந்தேகம் வரவில்லை? மற்ற டாக்டர்கள் சேர்ந்து மறைத்தார்களா? எதற்காகக் கொன்றார்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும், அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: இது அந்த ஆளின் அசாத்திய சாமர்த்தியமா, இல்லை அவரைச் சுற்றியிருந்த ஏற்பாட்டிலேயே ஓட்டையா? நான் தடயவியல் மருத்துவம் படித்தவன். பிரேதப் பரிசோதனையும் அதைக் கற்றுக்கொடுப்பதும்தான் பல வருடங்களாக என் வேலை. இறப்புச் சான்றிதழ் பற்றிய வகுப்பில் ஷிப்மேன் வழக்கைத் தொடாமல் போக முடியாது. ஆனால் நான் மனநல மருத்துவன் அல்ல. ‘எதற்காக’ என்ற கேள்விக்கு என்னிடம் கிடைப்பது குறைவாகத்தான் இருக்கும். ‘எப்படி’ என்பதற்கு நன்றாகவே பதில் சொல்லலாம். சுருக்கமாகச் சொன்னால், அவர் அப்படியொன்றும் கெட்டிக்காரர் இல்லை. ஒரு மரணம் இயற்கையானதா என்று முடிவு செய்ய எல்லாரும் நம்பியிருந்தது, கொன்றவர் கையால் எழுதிய தாளை.

முதலில் ஆளைப் பற்றி. ஹரோல்ட் ஃப்ரெடரிக் ஷிப்மேன் 1946 ஜனவரி 14 அன்று நாட்டிங்ஹாமில் பிறந்தவர். அவருக்கு 17 வயதானபோது, 1963-இல், தாய் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். லீட்ஸில் மருத்துவம் படித்து 1970-இல் பட்டம் பெற்றார். பான்டிஃப்ராக்ட் பொது மருத்துவமனையில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 1974-இல் டாட்மார்டன் என்ற சிற்றூரில் குடும்ப மருத்துவராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஒரு விஷயம் வெளிவந்தது: நோயாளிகள் பெயரில் பொய்ச் சீட்டு எழுதி, பெத்திடின் என்ற வலிநிவாரணியை வாங்கித் தனக்கே ஊசி போட்டுக்கொண்டிருந்தார். கூட்டாளி டாக்டர்கள் அவரை வெளியேற்றினார்கள். 1976-இல் நீதிமன்றம் 600 பவுண்ட் அபராதம் விதித்தது. யார்க் நகரில் சிகிச்சை எடுத்துக்கொண்டார். மருத்துவர்களின் பதிவை நிர்வகிக்கும் பொது மருத்துவ கவுன்சில் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டது.

இந்த இடத்தில் பலரும் ‘அன்றே பதிவை ரத்து செய்திருந்தால்!’ என்பார்கள். எனக்கு அது அவ்வளவு நேராகத் தோன்றவில்லை. போதைக்கு அடிமையான ஒரு டாக்டரைத் திருத்தி மறுபடி வேலைக்கு விடுவது மனிதத்தன்மையுள்ள கொள்கைதான். அப்படித் திரும்பி வந்து நன்றாகப் பணிசெய்தவர்கள் எத்தனையோ பேர். தவறு அங்கே இல்லை, அதற்குப் பின்னால் வந்ததில். இனிமேல் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளைக் கையில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று ஷிப்மேன் சொன்னார். நல்ல பேச்சாக இருக்கிறது அல்லவா? அதன் விளைவைப் பாருங்கள். இருப்பு வைக்காதவருக்குப் பதிவேடு தேவையில்லை. பதிவேடு இல்லாதவரிடம் வந்து சோதிக்க எதுவும் இல்லை. வாக்குறுதியே மறைவிடமாகிவிட்டது.

1977-இல் மான்செஸ்டரை ஒட்டிய ஹைட் என்ற ஊரில், டோனிபுரூக் என்ற கூட்டு மருத்துவமனையில் சேர்ந்தார். பழைய வழக்கை அங்கே மறைக்கவில்லை, சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தார். 1992-இல் பிரிந்து தனியாக நடத்தத் தொடங்கினார். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் சொந்த கிளினிக். சுமார் 3,000 நோயாளிகள். வயதானவர்களுக்கு அவர் மேல் அப்படியொரு பிரியம். கூப்பிட்டால் வீட்டுக்கு வருவார், உட்கார்ந்து பேசுவார், அந்தக் காலத்து டாக்டர் மாதிரி. அவரிடம் சேர ஆட்கள் காத்திருந்தார்கள். பிற்பாடு எழுதியவர்கள் அவரைக் கடுமுகம் கொண்ட பூதமாகக் காட்டியதால் இது மறந்துபோகிறது. கீழே வேலை செய்தவர்களிடம் எரிந்து விழுவார் என்பதும் உண்மை. ஆனால் நோயாளிகள் பார்த்த மனிதர் வேறு.

கொலை செய்த முறை ஏறக்குறைய எப்போதும் ஒன்றே. தனியாக வாழும் ஒரு முதியவர், பெரும்பாலும் பெண். வீட்டுக்குப் போவார், சில நேரம் அழைக்காமலே. டயமார்ஃபின் ஊசி போடுவார். இது ஹெராயின்தான், பிரிட்டனில் கடும் வலிக்குச் சட்டப்படி கொடுக்கப்படும் மருந்து. அளவு மீறினால் மூச்சுவிடும் உந்துதலே அடங்கிப்போகும். போராட்டம் இருக்காது. இறந்தவர் உடையணிந்து, நாற்காலியில் சாய்ந்தபடி, தூங்குகிறவரைப் போல இருப்பார். மருந்து எங்கிருந்து வந்தது? புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தவர்கள் பெயரில் சீட்டு எழுதி வாங்கினார். அவர்கள் இறந்த பிறகு வீட்டில் மிச்சமிருந்ததை, ‘நான் அழித்துவிடுகிறேன்’ என்று எடுத்துக்கொண்டு போனார். துக்க வீட்டில் இதை யார் கேள்வி கேட்பார்கள்?

அப்புறம் சான்றிதழ். உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி, நோயாளிக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் கடைசி 14 நாட்களுக்குள் அவரைப் பார்த்திருந்து, மரணத்துக்கு இயற்கையான காரணத்தையும் எழுதிவிட்டால் போதும். கரோனருக்கு, அதாவது சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரிக்கு, தகவல் போக வேண்டியதில்லை. பிரேதப் பரிசோதனை கிடையாது. ஷிப்மேன் மாரடைப்பு என்று எழுதுவார், பக்கவாதம் என்று எழுதுவார், சில நேரம் வெறுமனே ‘முதுமை’ என்றே எழுதுவார். குடும்பத்தாரிடம், ‘அவருக்கு இதய நோய் இருந்தது, உங்களைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை, இனி உடலை அறுத்து என்ன ஆகப்போகிறது’ என்கிற தோரணையில் பேசுவார். இருபது வருடப் பழக்கமுள்ள டாக்டர் சொல்கிறார், தலையாட்டிவிட்டார்கள்.

‘தகனம் செய்வதற்குக் கூடுதல் பாதுகாப்பு இருந்ததே’ என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். இருந்தது, காகிதத்தில். எரித்துவிட்டால் சாட்சியம் போய்விடும் என்பதால், சிகிச்சை அளித்தவர் ஒரு படிவமும், தொடர்பில்லாத இரண்டாவது டாக்டர் ஒரு படிவமும் நிரப்ப வேண்டும். தகன மையத்தின் மருத்துவ அதிகாரி மூன்றாவதாக ஒப்புதல் தர வேண்டும். நடைமுறையில் நடந்தது என்ன? இரண்டாவது டாக்டர் முதல் டாக்டரிடம் விவரம் கேட்பார், உடலை மேலோட்டமாகப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார். அதற்குக் கட்டணமும் உண்டு. கடைசியாக அந்த வீட்டில் யார் இருந்தார்கள், முந்தின நாள் அந்த அம்மாள் எப்படி இருந்தார் என்று குடும்பத்திடமோ பக்கத்து வீட்டிலோ கேட்கும் பழக்கம் இல்லை. மூன்று கையெழுத்து இருந்தாலும் தகவல் வந்தது ஒரே வாயிலிருந்து. மற்ற டாக்டர்கள் மறைத்தார்களா என்ற கேள்விக்கு இதுதான் பதில்: மறைக்கவில்லை. ஒரு சக டாக்டர் கொலை செய்வார் என்ற எண்ணமே அவர்கள் தலைக்குள் இல்லை. கையெழுத்து ஒரு சடங்காகிவிட்டது. எந்த நாட்டு டாக்டராக இருந்தாலும், தன் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தால் இதைப் புரிந்துகொள்வார்.

ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை என்பதும் சரியல்ல. வந்தது. சுவாரஸ்யம் என்னவென்றால், யாருக்கு முதலில் வந்தது என்பது. உள்ளூர் டாக்ஸி ஓட்டுநர் ஒருவர், தன் வண்டியில் வழக்கமாக வரும் வயதான பெண்கள் ஒவ்வொருவராக இறப்பதையும், எல்லாருக்கும் டாக்டர் ஒருவரே என்பதையும் கவனித்துப் பெயர்களைக் குறித்துவைத்தார். இறுதிச் சடங்கு நடத்தும் குடும்பத்தினர், உடல்கள் ஒரே மாதிரி, உடையோடு, உட்கார்ந்த நிலையில் இருப்பதைப் பார்த்துத் துணுக்குற்றார்கள். அந்தப் படிவங்களில் இரண்டாவது கையெழுத்துப் போட்டுவந்த எதிர் கிளினிக்கிலிருந்த ஒரு பெண் டாக்டர் எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்தார். ஷிப்மேனைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நோயாளிகள் இருந்தும், அவர்களிடம் மரணங்கள் அந்த அளவுக்கு இல்லை. 1998 மார்ச்சில் அவர் கரோனரிடம் வெளிப்படையாகவே சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இந்த வழக்கிலேயே மிக வேதனையான பகுதி. கிரேட்டர் மான்செஸ்டர் போலீஸ் ரகசியமாக விசாரித்தது. அனுபவம் போதாத அதிகாரி கையில் போனது. 1976 தண்டனையைப் போலீஸ் பதிவில் தேடவில்லை; மருத்துவ கவுன்சிலிடம் கேட்கவில்லை; குடும்பங்களிடம் பேசவில்லை. சுகாதார அதிகார அமைப்பின் மருத்துவ ஆலோசகர் இறந்தவர்களின் மருத்துவக் குறிப்புகளைப் படித்துப் பார்த்தார். பெரிதாக எதுவும் தெரியவில்லை என்றார். எப்படித் தெரியும்? குறிப்புகளை எழுதியவர் ஷிப்மேன். ஏப்ரல் நடுவில் விசாரணையை மூடினார்கள். அதன் பிறகு அவர் மேலும் மூன்று பெண்களைக் கொன்றார்.

கடைசியாக இறந்தவர் கேத்லீன் கிரண்டி. 81 வயது, நல்ல ஆரோக்கியத்தோடு முதியோருக்கு உணவு பரிமாறும் தொண்டு செய்துகொண்டிருந்தவர். 1998 ஜூன் 24 அன்று ஏதோ ஆய்வுக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்று ஷிப்மேன் காலையில் அவர் வீட்டுக்குப் போனார். அன்று தொண்டுக்கு வராததால் தேடி வந்த நண்பர்கள் அவர் இறந்துகிடப்பதைக் கண்டார்கள். சான்றிதழில் ‘முதுமை’. பிறகு ஓர் உயில் வெளியே வந்தது: ஏறக்குறைய 3,86,000 பவுண்ட் மதிப்புள்ள சொத்து முழுவதும் டாக்டருக்கு. கிரண்டியின் மகள் ஒரு வழக்கறிஞர். தாயின் சட்ட விவகாரங்களைப் பார்த்துவந்தவரே அவர்தான். கோணல்மாணலாகத் தட்டச்சு செய்த அந்தத் தாளைப் பார்த்ததும் அவருக்குப் பொறிதட்டியது. போலீஸுக்குப் போனார். உயிலில் ஷிப்மேனின் விரல்ரேகை இருந்தது. அதை அடித்த தட்டச்சுப் பொறி அவருடைய கிளினிக்கில் இருந்தது. அந்த அம்மாள் அவ்வப்போது இரவல் வாங்குவார் என்று விளக்கம் சொன்னார். இதை வைத்தா ஒரு குற்றவியல் மேதை என்கிறார்கள்!

ஆகஸ்ட் 1 அன்று உடலைத் தோண்டி எடுத்தார்கள். என் துறைக்காரர்கள் இந்த இடத்தில் ஒன்றைக் கவனிப்பார்கள். ஓபியம் சார்ந்த மருந்தால் இறந்த உடலை வெறுமனே அறுத்துப் பார்த்தால், அதற்கென்று உறுதியான அடையாளம் எதுவும் கிடைக்காது. நுரையீரலில் நீர் தேங்கியிருக்கும். அது இருபது காரணங்களால் வரலாம். நச்சியல் சோதனைதான் பேசும். சந்தேகம் இருந்தால்தான் அந்தச் சோதனையைக் கேட்போம். டயமார்ஃபின் உடலுக்குள் போனதும் விரைவாக மார்ஃபினாக மாறிவிடும். மார்ஃபினோ புதைத்த உடலின் தசையில் நெடுநாள் நிற்கும். கிரண்டியின் தசையில் அது கிடைத்தது. ஒரு டாக்டர் இதை யோசிக்காமல் விட்டாரே என்று மாணவர்கள் வியப்பார்கள். யோசிக்கத் தேவையே வரவில்லை என்பதுதான் என் எண்ணம். அத்தனை ஆண்டுகளில் ஒருவரும் ஒரு துளி ரத்தம்கூட எடுத்துச் சோதிக்கவில்லை. அந்த அம்மாள் போதை மருந்து பயன்படுத்தினார் என்று காட்டும் குறிப்புகளை அவருடைய கோப்பில் எழுதிவைத்திருந்தார் ஷிப்மேன். நீதிமன்றத்தில் அது எடுபடவில்லை.

எரிக்கப்பட்ட உடல்கள் விஷயத்தில் சாட்சி சொன்னது கணினி. நோயாளி இறந்த சில மணி நேரத்துக்குள் உட்கார்ந்து, பல மாதங்களுக்கு முந்தைய தேதி போட்டு, ‘நெஞ்சுவலி இருப்பதாகச் சொன்னார்’ என்பது போன்ற வரிகளைச் சேர்த்திருந்தார். ஒவ்வொரு வரியும் உண்மையில் எந்த நிமிடத்தில் தட்டப்பட்டது என்பதை அந்த மென்பொருள் தனியாகப் பதிவு செய்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. விசாரணையில் இதைக் காட்டியபோது அவரிடம் விளக்கம் இல்லை. பிற்பாடு நடந்த விசாரணைகளில் போலீஸாருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். 1998 செப்டம்பர் 7 அன்று கைது. பிரெஸ்டன் நீதிமன்றத்தில் 1999 அக்டோபரில் வழக்கு தொடங்கி, 2000 ஜனவரி 31 அன்று 15 கொலைகளுக்கும் உயில் மோசடிக்கும் தண்டனை. ஆயுள் முழுக்க வெளியே வர முடியாத சிறை. 2004 ஜனவரி 13 அன்று, 58-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள், வேக்ஃபீல்ட் சிறையில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். கடைசிவரை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

நீங்கள் படித்த எண்ணிக்கையைப் பற்றி ஒரு திருத்தம். நீதிமன்றம் உறுதிசெய்தது 15. எஞ்சியவற்றுக்கு மறுபடி வழக்கு நடத்தினால், அத்தனை விளம்பரத்துக்குப் பிறகு நியாயமான விசாரணை சாத்தியமில்லை என்று விட்டுவிட்டார்கள். பதிலாக நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையில் ஒரு பொது விசாரணை நடந்தது. 2002-இல் வந்த அதன் முதல் அறிக்கை 215 பேரைப் பெயர் குறிப்பிட்டுக் கொல்லப்பட்டவர்கள் என்றது: 171 பெண்கள், 44 ஆண்கள், இளையவருக்கு 41 வயது, மூத்தவருக்கு 93. மேலும் 45 பேர் விஷயத்தில் வலுவான சந்தேகம். 2005-இல் வந்த கடைசி அறிக்கை, அவருடைய பான்டிஃப்ராக்ட் நாட்களையும் ஆராய்ந்து, மொத்தம் சுமார் 250 இருக்கலாம் என்றது. தலைப்பில் உள்ள 23 ஆண்டுகள் என்ற கணக்கும் முதல் அறிக்கையை வைத்துத்தான்: அது தொடக்கத்தை 1975-இல் வைத்தது, கடைசி அறிக்கை இன்னும் பின்னுக்குத் தள்ளியது. ஆக, 15 என்பது தீர்ப்பு, 215 என்பது கவனமாகச் செய்யப்பட்ட விசாரணை முடிவு, 250 என்பது மதிப்பீடு. செய்திகளில் மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள்.

எண்களை யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் முன்பே பிடித்திருக்கலாமா? பேராசிரியர் ரிச்சர்ட் பேக்கர் செய்த தணிக்கையில் இரண்டு விஷயங்கள் பளிச்சென்று தெரிந்தன. ஷிப்மேனின் நோயாளிகள் பிற்பகலில், அவர் வீட்டுப் பார்வைக்குப் போகும் நேரத்தில், குவியலாக இறந்தார்கள். இயற்கை மரணம் கடிகாரம் பார்த்து வராது. அடுத்து, ஐந்தில் ஒரு மரணத்தில் அவர் நேரில் இருந்தார். ஒப்பிட்ட மற்ற டாக்டர்களுக்கு அது நூற்றில் ஒன்றுகூட இல்லை. புள்ளியியலாளர் டேவிட் ஸ்பீகல்ஹால்டர் குழு, தொடர் கண்காணிப்பு இருந்திருந்தால் 1984 வாக்கிலேயே எச்சரிக்கை மணி அடித்திருக்கும் என்று கணக்கிட்டது. ஆனால் இதே முறையை மற்ற டாக்டர்கள் மேல் போட்டுப் பார்த்தபோது, குற்றமற்ற சிலருக்கும் மணி அடித்தது. முதியோர் இல்லங்களைக் கவனித்துக்கொள்கிற, கடைசிக் காலத்தை வீட்டிலேயே கழிக்க உதவுகிற நல்ல டாக்டருக்கும் மரண எண்ணிக்கை கூடத்தான் செய்யும். எண்ணைப் பார்த்து விசாரிக்கலாம்; எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

இனி ‘எதற்காக’. தாய் இறந்துகொண்டிருந்தபோது டாக்டர் வீட்டுக்கு வந்து மார்ஃபின் போடுவதைப் பார்த்து வளர்ந்தார், அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப நடித்தார் என்பது எல்லாரும் சொல்லும் விளக்கம். கதைக்கு வசதியாக இருக்கிறது. ஆதாரம் என்று எடுத்தால் கையில் எதுவும் நிற்காது. பணத்துக்காக என்றால், ஒரே ஓர் உயில்தான் இருக்கிறது. கருணைக்கொலை என்பது பொய். இறந்தவர்களில் பலர் நோயாளிகளே அல்ல என்று சொல்லலாம், அவ்வளவு ஆரோக்கியம். ஒருவகை அடிமைப் பழக்கமாக இருக்கலாம் என்பது விசாரணைக்கு உதவிய மனநல நிபுணர்களின் ஊகம். பெத்திடின் வரலாற்றோடு அது ஓரளவு ஒட்டுகிறது. ஆனால் அவர்கள் அவரை நேரில் பரிசோதிக்கவில்லை, அவர் ஒத்துழைக்கவும் இல்லை. உயிலை அவ்வளவு அசிங்கமாக ஏன் செய்தார் என்பதற்கும், பிடிபட விரும்பினார், இல்லை அகம்பாவம் கண்ணை மறைத்தது என்று இரண்டு பக்கமும் வாதிடலாம். எனக்கு இரண்டாவது பொருத்தமாகப் படுகிறது. 23 ஆண்டுகள் எழுதியதையெல்லாம் எல்லாரும் நம்பினால், இதையும் நம்புவார்கள் என்று தோன்றாதா?

நோயாளியைக் கொன்றதாகப் பிரிட்டனில் கொலை வழக்கைச் சந்தித்த முதல் டாக்டர் ஷிப்மேன் அல்ல. 1957-இல் ஈஸ்ட்போர்னைச் சேர்ந்த ஜான் பாட்கின் ஆடம்ஸ் என்ற டாக்டர் மீது கொலை வழக்கு நடந்தது. பல நோயாளிகளின் உயில்களில் அவர் பெயர் இருந்தது. விடுதலையானார். மருந்துச் சீட்டு, தகனப் படிவக் குற்றங்களுக்கு மட்டும் தண்டனை. பதிவு போய், சில ஆண்டுகளில் திரும்பக் கிடைத்தது. தகனப் படிவத்தின் ஓட்டை ஷிப்மேன் காலத்தில் புதிதாக முளைத்தது அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இன்று அதே இடத்தில் அதே மாதிரி நடக்குமா என்றால், கடினம். கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்குப் பொறுப்பதிகாரிகளை நியமிக்கும் சட்டம் 2006-இல் வந்தது. டாக்டர்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் தகுதியை நிரூபித்துப் பதிவைப் புதுப்பிக்கும் முறை 2012 இறுதியில் தொடங்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 செப்டம்பர் 9 முதல், கரோனரிடம் போகாத ஒவ்வொரு மரணத்தையும் சிகிச்சையில் தொடர்பில்லாத ஒரு மருத்துவப் பரிசோதகர் பார்த்தாக வேண்டும். அவர் குறிப்புகளைப் படிப்பதோடு நிற்காமல், குடும்பத்தாரிடமும் கேட்க வேண்டும்: உங்களுக்கு ஏதாவது உறுத்துகிறதா என்று. ஜேனட் ஸ்மித் பரிந்துரைத்த அமைப்பு இதே வடிவம் அல்ல. அவர் கரோனர் துறையையே திருத்தி அமைக்கச் சொன்னார். ஆனால் டாக்டரின் சொல்லைக் குடும்பத்தின் சொல்லோடு ஒத்துப்பார்க்க வேண்டும் என்ற கருத்து அவருடைய 2003 அறிக்கையிலேயே இருக்கிறது. சட்டமாக நடைமுறைக்கு வர 21 ஆண்டுகள் ஆயின.